பன்னிரண்டு மாத பெர்மிட், பதினைந்து வருடக் கடன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தலூரிலிருந்து ஒரு குடும்பம் நம்மைத் தேடி வந்தது. தகப்பனார் ஒன்றரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும் போடுகிறவர். தாயார் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். மகள் கோவையில் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து, அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடமாக வார்டு டூட்டி பார்க்கிறவர். அவர்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் அனுமதிக் கடிதமும், பாங்குக் கடன் விண்ணப்பமும், நிலத்தின் பட்டயமும் இருந்தன. முன்பணம் கட்ட இன்னும் இருபது நாள்தான் பாக்கி.

“நீங்க நாலு பேப்பர் படிக்கிறவங்க. ஏஜெண்ட் சொல்றது நெசமாண்ணே? காட்டை எழுதிக் குடுத்துடலாமா?” என்று தகப்பனார் கேட்டார்.

ஏஜெண்ட் சொன்னது இதுதான்: இரண்டு வருடம் அமெரிக்காவில் நர்ஸிங் மேல்படிப்பு. முடித்ததும் ஒரு வருடத்துக்கு வேலை பெர்மிட். அந்த ஒரு வருடத்துக்குள் ஆஸ்பத்திரிக்காரனே ஸ்பான்சர் செய்துவிடுவான். பிறகு அங்கேயே நிரந்தரம்.

இதே பேச்சை மறையூரிலும் வட்டவடையிலும் கேட்கிறோம். இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூரிலும் கேட்கிறோம். நம் பெண் பிள்ளைகள் நர்ஸிங் படித்து வெளியே வரத் தொடங்கியிருக்கும் காலம் இது. எஸ்டேட் லயத்திலும் தோட்டக் காட்டிலும் பிறந்த வீட்டில் முதன்முதலாக ஒரு பட்டம் வந்திருக்கிறது. அந்தப் பட்டத்தின் மேல் இப்போது கமிஷன்காரர்களின் கண் விழுந்திருக்கிறது. ஆகவே ஏஜெண்டின் பேச்சை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியது நம் கடமையாகிறது.

முதல் பாதி உண்மை. மாணவர் விசாவில் படித்து முடித்தவர்களுக்கு அமெரிக்க அரசு 12 மாத வேலை அனுமதி தருகிறது. ஓ.பி.டி. என்று அதற்குப் பெயர். செய்முறைப் பயிற்சி என்ற கணக்கில் கொடுப்பது. படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்னாலிருந்து, முடிந்து 60 நாள் வரைக்குள் மனுப் போட வேண்டும். விஞ்ஞானம், என்ஜினீயரிங், கம்ப்யூட்டர் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களுக்கு அதற்குமேல் இன்னும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. வழக்கமான நர்ஸிங் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றுகிறவளுக்கு ஒரு வருடம், கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவனுக்கு மூன்று வருடம். இது அவர்கள் நாட்டுக் கணக்கு. நாம் மாற்ற முடியாது. ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அந்த 12 மாதமும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. அங்கே நர்ஸாக டூட்டி பார்க்க என்கிளெக்ஸ் பரீட்சையில் தேறி, அந்தந்த மாநில நர்ஸிங் போர்டின் லைசென்ஸும் வாங்க வேண்டும். இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை வேறு இருக்கிறது. லைசென்ஸ் கொடுக்கச் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் மாநிலங்கள் உண்டு. அந்த எண்ணோ, பலருக்கு வேலை அனுமதி வந்த பிறகுதான் கிடைக்கும். ஆகவே அனுமதி வந்து, எண் வந்து, லைசென்ஸ் வந்து, பிறகுதான் வேலை. இதற்கிடையில் பெர்மிட்டின் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மொத்தத்தில் 90 நாளுக்குமேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதியே போய்விடும். படிக்கும்போதே பரீட்சை எழுதி, எண் கேட்காத மாநிலமாகப் பார்த்து லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்கிற கெட்டிக்காரிகள் தப்பித்துக்கொள்கிறார்கள். இந்த நுணுக்கத்தை எந்த ஏஜெண்டும் காந்தலூரில் வந்து சொல்லிக் கொடுப்பதில்லை.

இனி இரண்டாம் பாதிக்கு வருவோம். நிலம் போவது இங்கேதான்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகளுக்குத் தட்டுப்பாடு உண்டு, வேலையும் கிடைக்கும், இதை மறுக்கவில்லை. ஆனால் 12 மாதம் முடிந்தபின் அந்தப் பெண்ணை வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு மனமிருந்தாலும் சட்டத்தில் வழி குறைவு. கம்ப்யூட்டர்காரர்கள் போகும் எச்-1பி விசா, பட்டப்படிப்பு இல்லாமல் செய்யவே முடியாத வேலைகளுக்கு என்று ஏற்பட்டது. அமெரிக்காவில் இரண்டு வருட டிப்ளமோ படித்தவர்களும் நர்ஸ் பரீட்சை எழுதலாம் என்பதால், சாதாரண வார்டு நர்ஸ் வேலையைப் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உயர்நிலை நர்ஸுகளுக்கும் சில விசேஷப் பிரிவுகளுக்கும் கிடைக்கலாம். அதற்கும் பெரும்பாலும் குலுக்கல். நர்ஸுகளுக்கென்றே முன்பு தனி விசா இருந்தது. 1989 சட்டத்தில் வந்த எச்-1ஏ 1995இல் முடிந்தது. பிறகு 1999 சட்டத்தில் வந்த எச்-1சி, வருடத்துக்கு 500 பேருக்கு மட்டும். அதுவும் 2009 டிசம்பரில் முடிந்தது.

மிச்சமிருப்பது நிரந்தரக் குடியேற்ற அட்டை. நர்ஸுகளுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது: உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரி தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. சலுகை இருந்து என்ன? எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவிகிதத்துக்குமேல் இல்லை என்ற விதியால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அந்தப் பிரிவில் பத்து வருடத்துக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. பன்னிரண்டு மாத பெர்மிட்டை வைத்துக்கொண்டு பத்து வருட வரிசையில் நிற்பது எப்படி? பெர்மிட் முடிந்தால் 60 நாள் தங்கலாம், வேலை பார்க்கக் கூடாது. பிறகு ஊர் திரும்ப வேண்டும், அல்லது இன்னொரு கல்லூரிக்குப் பணம் கட்டி மறுபடி மாணவி ஆக வேண்டும்.

ரயில்வே கவுண்டரில் உட்காருகிற நமக்கு ஒன்று தோன்றுகிறது. ஆர்.ஏ.சி. டிக்கெட் கொடுக்கும்போது, உட்கார இடம் உண்டு, படுக்கை நிச்சயமில்லை என்பது டிக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. அந்தப் பயணியாவது உட்கார்ந்தபடியே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். இங்கே விற்கிற டிக்கெட்டுக்குப் பாதி வழியில் இறக்கிவிடுகிறார்கள். அதைச் சொல்லாமலே விற்கிறார்கள்.

கடன் பத்திரத்தையும் பாருங்கள். பாங்குகளின் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்குமேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். படிக்கும் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். பிறகு பதினைந்து வருடம் வரை கட்டலாம். சொல்லும்போது தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணை இல்லாத அந்த ஒரு வருடமும் அமெரிக்க பெர்மிட்டின் ஒரு வருடமும் ஏறக்குறைய ஒன்றே. சம்பளம் நிற்கிற சமயத்தில் தவணை ஆரம்பிக்கிறது. இது பட்டயம் உள்ளவர் கதை. நம் தாலுகாவில் எத்தனை பேர் கையில் பட்டயம் இருக்கிறது? இல்லாதவர் வட்டிக்காரரிடம் போவார். அவருக்கு ஒரு வருட விடுமுறையும் கிடையாது.

கடன் என்ன செய்யும் என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித்திலிருந்து 46 நர்ஸுகள் மீட்கப்பட்டுக் கொச்சியில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் கேரளப் பெண்கள், ஒருவர் தூத்துக்குடிக்காரர். சுற்றிலும் சண்டை நடந்தபோதும் ஊர் திரும்பத் தயங்கியவர்கள் அவர்களில் இருந்தார்கள். போவதற்கு வாங்கிய கடனை என்ன சொல்லி அடைப்பது என்பதே அந்தத் தயக்கம்.

இங்கிலாந்து என்றால் வேறு தினுசு. அங்கே ஒரு வருட எம்.எஸ்ஸி. படிப்புக்கு அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட பல படிப்புகளை முடித்தாலும் நர்ஸாகப் பதிவு கிடைக்காது. பதிவுக்கு அவர்களுடைய நர்ஸிங் கவுன்சில் வைக்கும் பரீட்சைகளை எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பரீட்சையில் முதல் பகுதியை இந்தியாவிலிருந்தே எழுதலாம் என்பதைச் சொல்லாமல், பல லட்சம் ரூபாய்ப் படிப்பை விற்கிறார்கள். படிக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். பி.எஸ்ஸி. நர்ஸ் ஒருத்தி முதியோர் இல்லத்தில் உதவியாளாக நைட் ஷிப்ட் பார்ப்பாள். படிப்புக்குப் பின் வரும் இரண்டு வருட அனுமதியை, 2027 ஜனவரி 1 முதல் மனுப் போடுகிறவர்களுக்கு 18 மாதம் என்று குறைத்துவிட்டார்கள். முதியோர் இல்ல வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22இல் மூடினார்கள். தேவைப்பட்டால் கதவைத் திறப்பது, தேவை தீர்ந்தால் சாத்துவது.

இது நமக்குப் புதிதா? பெர்மிட் என்ற சொல்லை நம் பாட்டன்மார் நன்றாக அறிவார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இலங்கையில் தற்காலிக வசிப்பு அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு நாளை எண்ணியவர்கள் நம்மவர்கள்தான். 1964 அக்டோபர் ஒப்பந்தத்தில் தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். கவியிலும் புனலூரிலும் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்கள் இன்றும் சாட்சி. அந்தக் காலத்துக் கங்காணி கொடியவன்தான். ஆனாலும் அவன் முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிப் போனான். அந்தக் கடனில் கட்டிப்போட்டான். இன்றைய கங்காணியோ நம்மிடமே முன்பணம் வாங்கிக்கொண்டு நம்மைக் கூட்டிப் போகிறான். கடன் மட்டும் அன்றுபோல் இன்றும் நம் தலையில்தான்.

மலையாளச் சகோதரிகளின் பழைய அனுபவம் ஒன்றையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 1960களில் மேற்கு ஜெர்மனியின் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் போதாமல், சர்ச் மூலமாகக் கேரளத்துப் பெண்களை அழைத்துப் போனார்கள். 1973 நவம்பரில் ஜெர்மனி வெளிநாட்டுத் தொழிலாளர் சேர்ப்பை நிறுத்தியது. சில வருடங்களில், இனி எங்கள் பெண்களே போதும் என்று சில மாநிலங்களில் பெர்மிட்டைப் புதுப்பிக்க மறுத்தார்கள். வருடக்கணக்கில் நோயாளிகளைத் தூக்கித் துடைத்த கைகளில் திரும்புகிற டிக்கெட்டைக் கொடுத்தார்கள். அதே ஜெர்மனியில் அதே சமயம் கொரிய நர்ஸுகளுக்கும் இதே கதி வந்தது. அவர்கள் கூட்டம் போட்டார்கள், 1977-78இல் தெருவில் நின்று கையெழுத்துத் திரட்டினார்கள், பத்திரிகைகளுக்குப் போனார்கள். தங்குகிற உரிமையை வாங்கிக் காட்டினார்கள். ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த நம்முடைய பெண்களுக்கு அப்படி ஒரு சங்கம் அமையவில்லை.

அப்படியானால் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? நாம் எல்லோருமே பிழைப்புத் தேடி மலையேறியவர்களின் பேரப் பிள்ளைகள். மூன்று தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பார்த்துப் போகாதே என்பது பரிகாசமாக இருக்கும். கோவையில் அந்தப் பெண் வாங்குகிற சம்பளத்தில் ஹாஸ்டல் வாடகை போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம். கேரளத்தில் 2011இல் யுனைடெட் நர்ஸஸ் அசோசியேஷன் உண்டாகி, தொடர்ந்து வேலைநிறுத்தங்கள் நடந்து, 2018 ஏப்ரலில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் ரூ. 20,000 என்று அரசு உத்தரவு போட வேண்டி வந்தது. போராடிப் பெற்றது, எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. அந்த உத்தரவையும் கோர்ட்டுக்கு இழுத்தவர்கள் உண்டு.

நாம் சொல்வது ஒன்றே. ஆள் தேவைப்படுகிறவன் செலவு செய்து அழைக்கட்டும். வேலைக்குப் போகிறவள் அந்த வேலைக்காகப் பணம் கட்ட வேண்டாம். மாணவர் விசா வழியில் நடப்பது இதற்கு நேர்மாறு: தொழிலாளியை வாடிக்கையாளராக மாற்றி, அவளிடமே கட்டணம் வாங்கி, பிறகு ஒரு வருடம் வேலை செய்ய விடுகிறார்கள்.

சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1983 குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. இப்போது ரூ. 30,000, அதற்குமேல் வரி. சட்டம் இருந்தும் என்ன நடந்தது என்பதற்கு உதாரணம் 2015இல் சி.பி.ஐ. பிடித்த குவைத் நர்ஸ் வழக்கு: கொச்சியில் ஒரு நிறுவனம் ரூ. 19,500 வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19 லட்சத்து 50 ஆயிரம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அதற்குப் பிறகுதான் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸுகளை அனுப்ப, நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் போன்ற அரசு நிறுவனங்களைப் பொறுப்பாக்கினார்கள். ஆனால் படிப்புக்கு என்று பலகை மாட்டிய ஏஜெண்ட் இந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. வேலையைக் காட்டித்தான் படிப்பை விற்கிறார், இருந்தும் அவர் கல்வி ஆலோசகர்! கல்லூரியிடமும் கமிஷன், நம்மிடமும் கட்டணம். பஞ்சாபில் 2012லேயே இப்படிப்பட்டவர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் போட்டார்கள். வேலை பெர்மிட்டைச் சொல்லிப் படிப்பு விற்கிறவர் யாராயினும் அவரை 1983 சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசைக் கோருகிறோம்.

காந்தலூர்க் குடும்பத்துக்கு நாம் சொன்ன வேறு வழி இது. நோர்க்கா ரூட்ஸும் ஜெர்மனியின் அரசு வேலைவாய்ப்பு நிறுவனமும் 2021 டிசம்பரில் போட்ட ஒப்பந்தத்தில் டிரிபிள் வின் என்ற திட்டம் நடக்கிறது. நர்ஸிடம் சேர்ப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஜெர்மன் மொழி படிக்க வேண்டும். போன பிறகு அவர்கள் நாட்டு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளராக வேலை. கஷ்டம்தான். குளிர் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம். ஐம்பது வருடத்துக்கு முன் பெர்மிட்டைப் பிடுங்கிய அதே நாடு என்பதையும் மறைக்காமல் சொன்னோம். ஆனால் காட்டை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. நோர்க்காவின் அந்நிய மொழிப் பயிற்சி நிலையத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் கட்டணமில்லாமல் கற்றுத் தருகிறார்கள். நம் தாலுகாவுக்கு இந்தச் செய்தி தமிழில் வந்து சேர வேண்டும். மூணாறிலோ மறையூரிலோ மாதம் ஒருநாளாவது தமிழ் தெரிந்த ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும் என்று நோர்க்காவுக்கு எழுதியிருக்கிறோம்.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக் கடிதம் எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று கேள்விகளுக்கு ஏஜெண்டிடம் எழுத்தில் பதில் வாங்கி வாருங்கள்: இந்தப் படிப்பை முடித்தால் அந்த நாட்டில் நர்ஸாகப் பதிவு கிடைக்குமா? படிப்புக்குப் பின் வரும் பெர்மிட் எத்தனை மாதம்? அது முடிந்த மறுநாள் எந்த விசாவில் இருப்பது? வாயால் ஆயிரம் சொல்லுவார். எழுதச் சொன்னால் நாளைக்கு வருகிறேன் என்பார்.

காந்தலூர்த் தகப்பனார் முன்பணத்தைக் கட்டவில்லை. ஏஜெண்ட் பதிவுக்கென்று முன்பே வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்டுச் சங்கத்தின் பேரில் கடிதம் போட்டிருக்கிறோம், இன்னும் பதிலில்லை. மகள் ஜெர்மன் வகுப்புக்கு மனு எழுதி வைத்திருக்கிறார். கட்டணச் சலுகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தேவிகுளம் தாலுகாவில் தமிழ்க் குடும்பத்துக்கு அது எவ்வளவு பாடு என்பதை, 2021இல் இத்தொகுதியில் வென்ற ஏ. ராஜா தம் பாட்டனார் 1950க்கு முன்பே இங்கே குடியிருந்தார் என்று காட்டி 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயித்த வழக்கிலேயே பார்த்தோம். அந்தப் பெண்ணின் கொள்ளுத் தாத்தா பெயருள்ள பழைய எஸ்டேட் செக்ரோலைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலத்து மஸ்டர் புத்தகமோ, பென்ஷன் தாளோ, பிராவிடண்ட் பண்டு சீட்டோ யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால், தயவுசெய்து எறிந்துவிடாமல் சங்கத்தில் காட்டுங்கள்.